இரண்டு கோடு

செவிலி கெனுவே முதலில் உன் விரலைக் குத்தினாள்,
பிறகு என் விரலை.
மேசைமேல் இரண்டு பட்டைகள்,
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
பதினைந்து நிமிடம் என்றாள்.
சுவர்க் கடிகாரம் என்றைக்கோ நின்றிருந்தது.

எனக்குத்தான் இருக்கும் என்றிருந்தேன்.
வெல்காம் சுரங்கத்தில் ஆறு வருஷம்,
சம்பள இரவுகள்,
பெயர் கேட்காத அறைகள்.
மன்னிப்புக்கான சொற்களை
குதிரைமேல் வரும்போதே அடுக்கி வைத்திருந்தேன்.

எனக்கு ஒரு கோடு.
உனக்கு இரண்டு.

அடுக்கிய சொற்களை எங்கே இறக்கிவைப்பது?

திரும்பும்போது குதிரைமேல் நீ,
கடிவாளம் பிடித்து நடந்தேன்.
மொகோட்லோங் சரிவில் ஜூன் மாதக் காற்று.
கம்பளியை நீ குறுக்காகப் போர்த்தியிருந்தாய்.
அதன் கோடு நெட்டுக்கு நிற்க வேண்டும்,
படுத்துக் கிடந்தால் வளர்ச்சி நின்றுவிடும்
என்பார்கள் எங்கள் பக்கம்.
திருத்தச் சொல்ல வாய் வரவில்லை.
உனக்கு அப்போது ஆறு மாதம்.

அண்ணன் தெகோ வந்தான்.
"கொடுத்த மாடுகளைத் திருப்பிக் கேள்."
பதினொன்று கொடுத்தோம்.
இரண்டு பனியில் செத்தன,
ஒன்றை உன் அப்பன் விற்றுக் கூரைக்குத் தகரம் வாங்கினார்.
"எந்த மாட்டை?" என்றேன்.
தேநீரைத் தொடாமல் எழுந்து போனான்.
அவன் உதடே படாத அந்தக் கோப்பையை
நீ மூன்று முறை கழுவினாய்,
பிறகு கொதிநீர் ஊற்றினாய்.
உன் கைக்கே நீ பயந்ததைப் பார்த்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஓர் இரவு கேட்டும்விட்டேன்.
பொய் சொல்ல மாட்டேன், கேட்டேன்.
"யார்?"
அடுப்பில் ஒரு வரட்டியை வைத்தாய்.
"உன் ஆறு வருஷத்தை நான் எண்ணினேனா?"
புகை என் கண்ணில்தான் பட்டது.

ஒரு மாதம் தனிப் பாயில் படுத்தேன்.
இடுப்பு வலி என்றேன்.
நீ எண்ணெய் சூடாக்கிக் கொண்டுவந்து
எட்டடி தள்ளி வைத்துவிட்டுப் போனாய்.

எட்டு மணிக்கு ரேடியோவில் செய்தி.
செய்தி வாசிப்பவள் வணக்கம் சொல்லும்போது
மாத்திரை உன் நாக்கில் இருக்க வேண்டும்.
முதல் வாரங்களில் தலைசுற்றல்,
சோளக்கூழின் வாசனைக்கே வாந்தி.
வாளியைப் பிடித்தபடி
வைக்கோல் விலை, வானிலை, கால்பந்து எல்லாம் கேட்டேன்.
நாட்டு நடப்பு இவ்வளவு தெரிந்த மயிர் கத்தரிப்பவன்
எங்கள் கொட்டகையில் வேறு யாருமில்லை.

ஜூலையில் கணவாய் மூடியது.
புட்டியில் மூன்று மாத்திரை.
குதிரை இரண்டாவது ஓடையில் மறுத்தது, அதை விட்டேன்.
முழங்கால் பனியில் மருத்துவமனை வாசல்.
வரிசையில் எனக்கு முன்னால்
எங்கள் கொட்டகைக்காரன் ராமொலெஃபே,
தொப்பியை இழுத்து முகத்தை மறைத்தான்.
நானும் மறைத்திருப்பேன்.
சன்னலில் கேட்டார்கள்: யாருக்கு?
வேண்டியதைவிடச் சத்தமாகச் சொன்னேன்:
"என் மனைவிக்கு."
தொப்பி மெல்ல மேலே போனது.

சட்டைக்குள் புட்டி குலுங்கக் குலுங்க
இரவெல்லாம் நடந்தேன்.
யாரோ ஒரு குழந்தைக்குக்
கிலுகிலுப்பை வாங்கிப் போகிறவன்போல.

கல்யாணத்தன்றே உனக்கு எங்கள் வீட்டார் வைத்த பெயர்
மாலிம்போ, பரிசுகளின் தாய்.
பிறக்காத பிள்ளையின் பெயரைச் சுமந்து
நான்கு வருஷம் நடந்திருக்கிறாய்.
லிம்போ இப்போது ஆறு வாரக்காரி.
குதிகாலில் எடுத்த இரத்தப் பொட்டு
மாசேருவுக்குப் போயிருக்கிறது.
பதில் வர மூன்று வாரம் ஆகுமாம்.

ஒரே பாயில் படுத்து
கூரைத் தகரத்தைப் பார்க்கிறோம்.
தூக்கம் வருகிறதா என்று
ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

காலையில் அவளை முதுகில் கட்டி
மேலே கம்பளியைப் போர்த்துகிறாய்.
"கோடு நேராக இருக்கிறதா?"

இருக்கிறது என்கிறேன்.
கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது.