ஒன்று ஒன்று அரை

சீட்டுக் காசு விழுந்த மாதம்
மிக்ஸி வாங்கு என்றார்கள் எல்லாரும்.
கிட்டார் வாங்கினேன்,
முப்பத்தெட்டு வயதில்.
உவர்மலை ஏற்றத்தில் தோளில் அது இடித்தபடி வர
ஒரு மான் நின்று பார்த்தது,
பிறகு
குப்பையில் விட்டுவந்த வாழைத்தோலுக்குத் திரும்பியது.

பாட்டு இல்லை இன்னும்.
ஒரே ஒரு தந்தி, ஆகத் தடித்தது.
விரல் வைக்காமல் ஒரு தட்டு,
அங்கிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட்டின்
இரண்டு வெள்ளைப் புள்ளிவரை ஏறவேண்டும்.
இறங்கவேண்டும்.
இரண்டு கட்டம் தள்ளினால் ஒன்று,
ஒரு கட்டம் தள்ளினால் அரை.
ஒன்று ஒன்று அரை
ஒன்று ஒன்று ஒன்று அரை.
அவ்வளவுதான் மேஜர் ஸ்கேல்.

அவ்வளவுதான் என்பது
இங்கிருந்து பார்த்து
மூதூர் அதோ தெரியுதே என்பதைப் போல.

ஒன்றுகள் பழகிவிட்டன.
தாண்டுவது எனக்கு வரும்.
நாலிலிருந்து ஐந்துக்குத்தான்,
பக்கத்திலேயே இருக்கும் அந்த அரைக்குத்தான்
மோதிரவிரல் போய் விழும்போதெல்லாம்
தந்தி டப்பென்று செத்துவிடும்.
கடற்காற்றில் களிம்பேறிய தந்தி
இரவு கழுவிய பிறகும்
விரல் நுனியில் செப்புக்காசு வாசம்.

சுவருக்கு அந்தப் பக்கம் குகதாசன்.
கச்சேரியில் வேலை,
பாடுகிற கச்சேரியல்ல, காணிக் கச்சேரி.
ஒருநாள் பதினோராம் ஃபிரெட்டில் நிற்க
தங்கை எடுத்தாள், போனைப் பிடித்தேன்.
சுவரில் இரண்டு குத்து:
"அதை முடிச்சுப்போட்டுக் கதையுங்கோ!"

பகலில் நான்
ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக் கடையில்
உறைகளில் எழுதுகிறவள்.
காலை ஒன்று, இரவு அரை,
சாப்பாட்டுக்குப் பின்.
ஆளில்லாத மத்தியானங்களில்
வெற்று உறையொன்றில் எழுதிப் பார்ப்பேன்,
1 1 ½ 1 1 1 ½,
இடது கை மேசை விளிம்பில் நடக்கும்.
ஒரு திங்கட்கிழமைச் சனத்துக்குள்
அந்த உறை
மர்சூக் நானாவின் பையில் போயிருக்கிறது.

அடுத்த திங்கள் வந்தார்,
லாஞ்சில் நனைந்த சாரக் கரையோடு.
விரல் விறைப்புக்கு எடுக்கிற விற்றமின் அது,
கூடினாலும் குறைந்தாலும் உயிர் போகாது.
எனக்குத்தான் போனது.
"நீங்க எழுதின மாதிரியே எடுத்தன் தங்கச்சி.
மூண்டாம் நாள் அரை, ஏழாம் நாள் அரை.
முழுசு லேசு.
அரைதான் கஷ்டம்.
கத்தி வைச்சா மாவாப் போகுது."

"அது மருந்துக்கு இல்ல நானா."
"பிறகு என்னத்துக்கு?"
சொன்னேன்.
முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்கினார்.
மர்சூக் நானா சிரிக்கவில்லை.
கண்ணாடி மேசைமேல் இருந்த என் இடது கையை,
காய்ப்பேறத் தொடங்கிய நுனிகளை,
தன் வலைக்கயிறு அறுத்த விரல்களுக்குப் பக்கத்தில் வைத்து
விலை பார்ப்பதுபோல் பார்த்தார்.
"உங்களுக்கும் விறைக்குதா?"
"ஓம்."
"சரி, எட்டாம் நாள் எவ்வளவு?"
"எட்டாவது திரும்ப முதலாவதுதான் நானா.
கொஞ்சம் உயரத்தில."
"அது நல்லம்" என்றார்.

புது உறையில் எழுதினேன்:
நாளுக்கு ஒன்று.
இரண்டுமுறை வாசித்துக் காட்டினேன்.
மூன்று மணி லாஞ்சு போய்விடுமென்று ஓடினார்.

இரவு, மின்விசிறியை நிறுத்திவிட்டு,
திறந்த தந்தி. இரண்டு. நாலு.
ஐந்தில் விரல் இறங்கியது,
மாத்திரை நேர்நடுவே பிளந்ததுபோல்
சுத்தமாக ஒரு அரை.
சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டு நின்றது.

அடுத்த தடவை
மாவாய்ப் போனது.