கூண்டு ஏற்றுகிறவனுக்கு

வியாழக்கிழமைதோறும் பாம்பன் ஆஸ்பத்திரிக்கு
மனசுக்குப் பார்க்கிற பிள்ளை வருகிறாள்.
ரிஸ்வானா. என் மூத்தவளைவிடச் சின்னவள்.
"மூச்சைக் கவனிங்கக்கா" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
மூச்சை வைத்துப் பிழைக்கிறவள் நான்.
காலில் தகரத்தட்டு, விரல்களில் துணிச்சுற்று,
தீவுப் பக்கம் பாறையில் தலைகீழாய்த் தொங்கி
மரிக்கொழுந்துப் பாசி பிய்க்கையில்
எண்பது எண்ணும்வரை உள்ளே வைத்திருப்பேன்.
"அடக்கத் தெரியும் தாயி,
விடத்தான் தெரியலை."
அப்போதுதான் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு.
பாலத்தில் ரயில் வராத நாளிலும்
நெஞ்சுக்குள் ஏதோ தடதடத்துப் போகும்.
போன மாசியில் குறைந்த நிறை,
அதற்கு முந்தின மாசியில் குறைந்த நிறை,
நம்புராஜன் தராசின் முள்
இருட்டில் ஆடிக்கொண்டே இருக்கும்.
பேரில்தான் நம்பு.

நாலு வரி சொல்லித் தந்தாள் ரிஸ்வானா.
நல்லாயிருக்கணும். பயமில்லாம இருக்கணும்.
நோவில்லாம இருக்கணும். நிம்மதியாத் தூங்கணும்.
முதலில் உங்களுக்கு, பிறகு பிரியமானவருக்கு,
பிறகு யாரென்றே தெரியாத ஒருவருக்கு,
கடைசியில், நினைத்தாலே வயிறு எரிகிற ஆளுக்கு.

"நான் நல்லாயிருக்கணும்."
சொன்னதும் வாய் கோணியது,
பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டதைப் போல.
வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோதுகூட
எனக்கென்று எதுவும் கேட்டதில்லை.
சினை ஆட்டில் தொடங்கினேன்.
ஆடு நல்லாயிருக்கணும். சுலபமாய் வந்தது.
மகளுக்குச் சொன்னால்
வாழ்த்துக்குப் பின்னாலேயே பயமும் ஏறி வந்தது.

தெரியாத ஆளுக்கு எங்கே போவேன்?
இந்தக் கரையில் எல்லாரும்
கடன் கொடுத்தவர், இல்லையென்றால் வாங்கினவர்.
பிறகு அவன் ஞாபகம் வந்தது.
துறைமுக ஆபீசுக் கம்பத்தில்
ஒன்றாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று
புயல் கூண்டு ஏற்றுகிறவன்.
இருபது வருஷமாய்க் கூண்டைப் பார்க்கிறேன்,
கயிறு இழுக்கிற கையைப் பார்த்ததில்லை.
அவனுக்குச் சொன்னது
எதிலும் இடிக்காமல் நேராய்ப் போய்ச் சேர்ந்தது.
அன்று நாலரை வரை தூங்கினேன்.

நம்புராஜனுக்கு முடியவில்லை.
"நீ நல்லாயிருக்கணும்" என்று தொடங்கி
"நாசமாய்ப் போகணும்" என்று முடிந்தது,
பன்னிரண்டு ராத்திரி.
"பரவாயில்லக்கா, பாதி வந்துருக்கே" என்றாள் ரிஸ்வானா.

ஒருநாள் கம்பெனி வண்டிக்காரன்
எங்கள் முன்னால் வைத்தே அவனைக்
கெட்ட வார்த்தையில் ஏசினான்.
நம்புராஜனின் காதுமடல் சிவந்தது.
அந்தக் காதுக்கு மட்டும் சொன்னேன்,
நோவில்லாம இரு.
மிச்ச நம்புராஜனுக்கு இன்னும் இல்லை.

மறுநாளும் இரண்டு கிலோ குறைத்தான்.
"மூட்டையை இறக்கு. திருப்பி மாட்டு" என்றேன்.
முன்பும் சொல்லியிருக்கிறேன்.
அப்போதெல்லாம் கை நடுங்கும்,
அங்கே கத்திவிட்டு வந்து
வீட்டில் சின்னவனை அடிப்பேன்.
இந்தமுறை குரல்
நங்கூரம் பிடித்த வள்ளம்போல் நின்றது.
ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது.
அரைக் கிலோ பாக்கி.
அதையும் கேட்பேன்.
சின்னவனுக்கு அன்று அடி இல்லை;
ஏன் என்று அவன் கேட்கவில்லை, தள்ளியே உட்கார்ந்திருந்தான்.

நேற்று மூன்றாம் நம்பர்.
கார்த்திகை மழை, யாருக்கும் கடல் இல்லை.
வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுத் திரும்பும்போது
கம்பத்தடியில் ஓர் உருவம்
தொப்பலாய் நனைந்து கயிற்றை முடிந்துகொண்டிருந்தது.
முகம் இப்போதும் தெரியவில்லை.
"சட்டைய மாத்துப்பா, சளி பிடிக்கும்" என்றேன்.
காற்று பிடுங்கிக்கொண்டு போனது.

பிறகுதான் பார்த்தேன்,
என் முந்தானையும் சொட்டிக்கொண்டிருந்தது.
போம்மா, போய்த் தலையைத் துவட்டு,
என்று எனக்குச் சொன்னேன்.
வெட்கம் கொஞ்சம்தான் வந்தது.