பிறபொருள்

நெல் சந்தைப்படுத்தும் சபையின் பழைய களஞ்சியத்தில்
இப்போது கம்பனியின் தராசு.
நான் தராசுக்காரி.
காலை எட்டுக்குச் சுழியத்தில் நிறுத்தி
மாலை ஐந்துக்குச் சுழியத்தில் விட்டுப் போவேன்.
இடையில் கட்டைபறிச்சான் முழுவதும்
மூட்டை மூட்டையாக என் முன்னால் ஏறி இறங்கும்.

மூன்று வருசத்துக்கு முன்
ஏசி வேனில் வந்து
பாலர் பாடசாலைச் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள்.
காட்டாமணக்கு.
கொல்லென்று சிரித்தோம்.
எங்கள் வேலியில் அதுதானே நிற்கிறது,
ஆடு தின்னாது என்றுதானே
கிளை முறித்து நட்டோம்.
"அதேதான்" என்றார் டை கட்டியவர்.
"தண்ணி வேண்டாம், காவல் வேண்டாம்,
ஆடு தின்னாது.
இந்த எண்ணெயில் பஸ் ஓடும்."

வேலி பயிரை மேய்ந்ததாகச் சொல்வார்கள்.
மேயவில்லை.
ஒருநாள் எழும்பிக் காணிக்குள் நடந்து வந்து
சோளன் நின்ற இடத்தில் நின்றது,
குரக்கன் நின்ற இடத்தில் நின்றது,
பிறகு எங்கள் ஒப்பத்தை எங்களுக்கே காட்டி
நகர மாட்டேன் என்றது.

ஐந்து வருச ஒப்பந்தம்.
பதினோராம் பிரிவு: ஊடுபயிர் கூடாது.

கிருபைராசா அண்ணன் கம்பனி தந்த முதல் காசில்
லேண்ட்மாஸ்டருக்கு முற்பணம் கட்டினார்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
அந்தத் தைப்பொங்கலுக்கு
வீட்டுக்கு வீடு புதுப்பானை, புதுச்சீலை,
அரிசி மட்டும் கடையிலிருந்து.
யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டாம் வருசம் டிலுக்சன்,
ஆறு வயது,
கச்சான் என்று நினைத்து ஐந்து கொட்டை தின்றான்.
ருசியாகத்தான் இருந்ததாம்.
மூதூர் ஆஸ்பத்திரியில் விடிய விடியச் சத்தி.
பிழைத்துவிட்டான்.
இப்போது எதைக் கொடுத்தாலும்
முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறான்,
தாய் அவித்த கச்சானையும்.

மூன்றாம் வருசம் விலை விழுந்தது.
உலகத்தில் எங்கோ எண்ணெய் மலிந்ததாம்.
கிலோ எண்பது, நாற்பத்திரண்டு ஆனது.
நெல் விலை விழுந்த வருசங்களையும்
கண்டவர்கள்தான் நாங்கள்.
அப்போதெல்லாம் நட்டத்தை அவித்தோம்,
காயவைத்துக் குத்தி, வடித்து,
சொதி விட்டுப் பிசைந்து
நட்டத்தைத் தின்று பசியாறினோம்.
இந்த நட்டத்தை
ஆடும் தின்னாது.

சதொச வரிசையில் என்னைக் கண்டால்
முகத்தைத் திருப்புகிறார்கள்.
ஐந்து கிலோ கொட்டைக்கு
ஒரு கிலோ நாட்டரிசி, அதுவும் குறைநிறை.
கணக்கு எல்லோருக்கும் தெரியும்.
நானும் அதே வரிசையில்தான் நிற்கிறேன்,
பையை அக்குளில் ஒளித்துக்கொண்டு.

இன்று தவமலரக்கா ஒரு மூட்டை இறக்கினார்.
மாதிரிக்கு ஒரு சுண்டு அள்ளித் தட்டில் கொட்டினேன்.
கறுப்புக் கொட்டைகளுக்கு நடுவே
செம்மண் நிறத்தில், சின்னதாக,
கௌப்பி.

படிவத்தில் ஒரு நிரல் இருக்கிறது: பிறபொருள்.
கல் என்றால் இவ்வளவு கழி,
சக்கை என்றால் இவ்வளவு.
கௌப்பி என்றால் பதினோராம் பிரிவு.

அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.
"ஒரே சாக்கு. சரியா உதறேல்ல."
மேற்பார்வையாளர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
நான் எழுதினேன்:
மண், மூன்று வீதம்.

"மண்ணெண்டா எழுதினாய்?"
"ஓமக்கா."
"அப்ப அந்த மண்ணைத் தா.
மழைக்கு முன்னம் போடவேணும்."

முந்தானையை ஏந்தினார்.
ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன்.
வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்,
விரல் வழுக்கியது,
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
ஒன்று தராசின் இடுக்குக்குள் உருண்டுவிட்டது.

மாலை ஐந்து தாண்டிவிட்டது.
சுழியம் இன்னும் வரவில்லை.