அக்கரம்

மாட்டுத்தாவணிக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரி,
இரண்டாவது மாடியில் எனக்கு இரவு வேலை.
காதில் டாக்டர்களின் குரல்,
விரலில் அவர்களின் இங்கிலீஷ்.
அறிக்கை ஒன்றுக்கு ஏழு ரூபாய்.

ஆண். பிறந்து பதினொரு நாள்.
வாயில் ‘த்ரஷ்’ என்கிறது குரல்.
புதுச் சொல். அகராதியைத் திறந்தேன்.
முதல் பொருள்: பூங்குருவி. நன்றாகப் பாடும்.
இரண்டாவது பொருள் கீழே, பொடி எழுத்தில்.
அங்கே போக மனசில்லை.
பதினொரு நாள் வாய்க்குள்
ஒரு குருவி எப்படி உட்காரும்,
காலை எங்கே ஊன்றும் என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரமும் இப்படித்தான்.
துபாயிலிருந்து வந்து இறங்கியவனை
இரண்டு அதிகாரிகள் நடுவில் விட்டு நடத்தி வந்தார்கள்.
எக்ஸ்ரேயில்
வயிற்றுக்குள் ஒன்பது வெளிச்சம்.
‘குருவி, மேடம்’ என்றான் வார்டுபாய் சோணைமுத்து.
‘ஸ்வாலோ’ என்று டாக்டர் சொல்ல, அடித்தேன்.
விழுங்குவதற்கும் அங்கே ஒரு குருவியின் பேர்தான்:
யானைமலைப் பாறையிடுக்கில்
மண் உருட்டிக் கூடு கட்டுகிற தகைவிலான்.
‘விடியட்டும், கேனரி மாதிரி பாடுவான் பாருங்க’
என்றார் அதிகாரிகளில் ஒல்லியானவர்.
அவன் பாடவில்லை.
பூவன்பழம் கிடைக்குமா என்று கேட்டான்.

டீ குடிக்கக் கீழே இறங்கினால்
படிக்கட்டில் பவுன்தாயி, செக்கானூரணிக்காரி.
மடியில் அந்தப் பதினொரு நாள்.
‘என்னம்மா புள்ளைக்கு?’
‘அக்கரங்க. நாக்கு பூரா மாவு அப்புன மாதிரி.
பால் குடிக்க மாட்டேங்குது.’

அக்கரம்.
டீ கையில் ஆறியது.
எழுத்துக்கும் அதே பேர்.
குருவி என்று எவனோ சொன்ன இடத்தில்
எழுத்து என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
அவளுக்குப் பால் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

நர்ஸ் வந்து
பஞ்சில் தொட்டு ஊதா மருந்தைத் தடவினாள்.
நாக்கு, ஈறு, உதடு, பவுன்தாயியின் முந்தானை,
எல்லாவற்றிலும் மை.

மேலே வந்து உட்கார்ந்தேன்.
பேர் என்ற கட்டத்தில்
‘பவுன்தாயியின் குழந்தை’ என்றே இருக்கிறது இன்னும்.
த்ரஷ் என்று அடித்து அனுப்பினேன்.
ஏழு ரூபாய்.

ஊதா வாயோடு அவன் அழுவது
இரண்டு மாடி ஏறி வருகிறது.
ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.
இதை அடித்தால்
யாரும் காசு தரமாட்டார்கள்.