நீளம்

சல்மியா. ஆகஸ்ட் இரவு.
ஒரு படக்கோப்பைப் பைட் பைட்டாகக் கெடுத்துச்
செயலியின் வாயில் ஊட்டுகிறேன்.
முப்பது லட்சம் முறை விழுங்கிவிட்டது,
ஏப்பம்கூட இல்லை.

ஏசித் தண்ணீர் நிறைந்த வாளியைக்
கொட்டிவிட்டு வந்தால்
திரை சிவந்திருக்கிறது.
நாற்பது பைட்தான் என்று தலைப்பகுதியில் பொய் சொல்லி
நாலாயிரம் கொட்டியிருக்கிறது கோப்பு.
நம்பி, அளக்காமல் வாங்கி,
பக்கத்து நினைவகத்தையும் நனைத்துவிட்டுச்
செத்துக்கிடக்கிறது செயலி.

அறிக்கையில் எழுதினேன்:
வாங்குமுன் அளக்கவும்.
மிஞ்சினால் வெட்டவும்.

மேசையில் என் சிவில் ஐடி.
அப்பா பெயர் சுடலைமாடன்.
கட்டத்துக்குள் அடங்கியது
சுடலைமா.
கீழ்வாசல் காவலர் என்னை
அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நல்ல நிரல் அது.
எதுவும் வழியவில்லை.