ஜீப்பில் இரண்டு பேர்

போஜனுக்கும் எனக்கும் பொருத்தம் பார்த்து
யாரும் டியூட்டி போடவில்லை.
பட்டியலில் அவன் பெயருக்குக் கீழே
என் பெயர் விழுந்தது, அவ்வளவுதான்.
குஞ்சப்பனை சோதனைச்சாவடி,
இரவு பத்து முதல் காலை ஆறு.

அவன் கோத்தகிரிக்காரன்.
எந்தப் பனியிலும் கழுத்துப் பொத்தான் போட்டிருப்பான்.
நான் கமுதி. வெயிலில் காய்ந்த உடம்பு;
இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா,
அதற்கு மேல் தொப்பி நிற்காது.
முதல் வாரமே நாட்குறிப்பில் எழுதினான்:
'காவலர் இருளப்பன் 3.10 முதல் 3.35 வரை உறங்கினார்.'
எண்ணியிருக்கிறான் பாவி.

அதன் பிறகு பேச்சில்லை.
போனில் படம்தான் எனக்குத் துணை.
தமிழ் பேசும் வெள்ளைக்கார போலீஸ் இரண்டு பேர்,
ஒருவன் சட்டப்புத்தகம், ஒருவன் சந்தைக்கடை.
கார் பறக்கும். பாலம் உடையும்.
குண்டு காதை உரசும்போதும் ஒருவன்
மற்றவன் தின்ற பரோட்டாவுக்குக் காசு கேட்பான்.
பாதியில் முட்டிக்கொண்டு பிரிவார்கள்.
எந்தப் படமானாலும் பிரிவார்கள்.
எந்தப் படமானாலும் சரியாக அங்கே
டவர் போய்விடும்.

"சேந்துருவாங்க" என்றான் போஜன் ஓர் இரவு,
பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்.
"நீ பாத்திருக்கியா?"
"இல்ல. தெரியும்."

ஆனி மாதம். காடெல்லாம் பலா.
கட்டபெட்டில் திருடிய வேன் ஒன்று
பதினான்கு மூட்டை கேரட்டோடு
எங்கள் தடுப்பைத் தட்டிவிட்டு இறங்கியது.
துரத்தினோம்.
துரத்தினோம் என்றால், நான் தள்ளினேன்,
ஜீப் இறக்கத்தில் உருண்டு இருமி உயிர்பெற்றது,
போஜன் உள்ளிருந்து கதவைத் திறந்து பிடித்து
"ஏறுடா" என்றான். முதல் 'டா'.
வெடிக்கிற காருக்காக யார் பார்க்கிறார்கள் அந்தப் படங்களை?
இந்தக் கதவுக்காகத்தான் என்று
ஓடிக்கொண்டே தோன்றியது,
பிறகு மூச்சு வாங்கியதில் மறந்துவிட்டது.

பனிக்குள் பதினைந்து கிலோமீட்டர் வேகம்.
சைரன் வேலை செய்யாது;
ஹாரனை விட்டுவிட்டு அடித்தான்.
மூன்றாவது வளைவில் வேன் நின்றிருந்தது.
அதன் முன்னால் யானை.

வேன்காரன் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தான்,
'ஏதாவது பண்ணுங்க சார்' என்கிற மாதிரி.
யானை சுற்றி வந்தது. தார்ப்பாயை விலக்கியது.
ஒரு மூட்டையை இறக்கி, அவசரமில்லாமல்,
வழக்குச் சொத்தைத் தின்னத் தொடங்கியது.

நான் ஓடினேன். மறைக்க என்ன இருக்கிறது.
சிறுபாலத்தின் அடியில் சேற்றில் கிடந்தேன்,
பல் தந்தியடிக்க.
போஜன் இறங்கவில்லை.
வீரம் என்று சொல்ல முடியாது:
கைப்பிரேக் கிடையாது,
காலை எடுத்தால் ஜீப் யானை மேல்தான் போகும்.
யானை போன பிறகு வேன்காரன்
தானாகவே வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

விடிந்ததும் நாட்குறிப்பைப் பார்த்தேன்.
'மூட்டை பதினான்கில் ஒன்றை யானை தின்றுவிட்டது.
மீதி பதின்மூன்றும் கைப்பற்றப்பட்டன.
காவலர்கள் போஜன், இருளப்பன் இருவரும்
வாகனத்தை விட்டு அகலவில்லை.'

புள்ளி பிசகாத அதே கையெழுத்து.
என் முழங்கால் சேற்றைப் பார்த்தான்.
"பேன்ட்ட மாத்து. எஸ்ஐ வர்றாரு."

அன்றிரவும் படம் பாதியில் நின்றது.
போஜன் போனைப் பிடுங்கிக்கொண்டு
சாவடிக் கூரையில் ஏறினான்,
கழுத்துப் பொத்தானோடு.
மேட்டுப்பாளையம் விளக்குகளின் பக்கமாக
கையை நீட்டிப் பிடித்தான்.

கீழிருந்து பார்த்தேன்:
பனிக்குள் சின்ன வெளிச்சம்,
அதில் சுற்றிக்கொண்டே ஒரு வட்டம்.
"வருதா?" என்றேன்.
"இருடா" என்றான்.