சும்மாதான் நடக்கிறேன்

உரக் கம்பெனிக் குலுக்கலில் என் சீட்டு விழுந்தது.
இருவர், நான்கு இரவு, கோப்பன்ஹேகன்.
செம்பனை ஆலையின் எடைமேடைக் கிராணிக்கு
அதுவரை விழுந்ததெல்லாம்
ஒரு பிஸ்கட் கூடையும் ஒரு மின்விசிறியும்.

"குளிர்ல முட்டி பிடிச்சுக்கும்" என்றார் வீட்டுக்காரர்.
யோகமலர் தன் அழகுக்கடைக்கு
ஒரு வாரம் பூட்டுப் போட்டாள்.
இருவருக்குமாய் ஒரு கம்பளிக் கோட்டு
இரவல் வாங்கி வந்தாள்.
அங்கே கோடைக்காலம்.
கோட்டை நாங்கள்தான் மாற்றி மாற்றிச் சுமந்தோம்,
தூங்கிப்போன பிள்ளையைப் போல.

இரவு பத்துக்கும் வெயில் கடையடைக்கவில்லை.
சைக்கிள்கள் கூட்டங்கூட்டமாய் வந்தன.
முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளை வைத்து
மிதித்துப் போனாள் ஒருத்தி.
நம்மூரில் கேஸ் தோங் வைக்கிற இடம் அது.

முதல் காலை, ஏலக்காய் போட்ட பன்.
நாற்பத்தைந்து குரோனர்.
யோகமலர் கைப்பேசியில் தட்டி
"முப்பது வெள்ளிடி" என்றாள்,
யாரோ செத்த செய்தி மாதிரி.
பிறகு கடித்தாள்.
பிறகு மதியம்வரை
கணக்கே பார்க்கவில்லை.

மதியம் கறுப்பு ரொட்டிமேல் ஊறின மீன்,
வெங்காய வளையம், பெயர் தெரியாத தழை.
வேகவைத்ததா என்று கேட்க
எங்களிடம் ஆங்கிலம் இருந்தது,
தைரியம் இல்லை.
கையால் எடுத்துத் தின்றோம்.
பக்கத்து மேசைகளில் கத்தியும் முள்ளும்
ஒரு நொடி நின்று
மறுபடி ஓடின.

ஒரு கடையில் ஒற்றை நாற்காலி,
விலை எங்கள் மைவியின் முன்பணம்.
உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள்.
உட்கார்ந்தேன்.
நாற்காலிதான்.

அடுத்த கடையில் பிஸ்கட் டப்பா.
மூடியில் ஒரு பனங்குலை,
அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு.
"செம்பனை எண்ணெய் கலக்காதது" என்று
கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்தது.
பதினொரு வருடமாய்
குலை குலையாய் எடை போட்ட கை
டப்பாவைத் தூக்கிப் பார்த்தது.
முந்நூறு கிராம், சரியாகத்தான் இருந்தது.
யோகமலர் என் முகத்தைப் பார்த்து
கோட்டை வாங்கிக்கொண்டாள்.
மூன்று டப்பா வாங்கினேன்.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

மற்ற நேரமெல்லாம் நடந்தோம்.
வாய்க்கால் ஓரம், கல் பாவின தெரு,
வந்த வழியே திரும்ப.
யாரும் எங்களை
எங்கே போறீங்க என்று கேட்கவில்லை.
முதல் நாள் அது நிம்மதி.
மூன்றாம் நாள்
யாராவது கேட்டால் தேவலை.

திங்கட்கிழமை எடைமேடையில்
லோரி ஓட்டுநர் செல்வகுணன் பிஸ்கட்டைக் கடித்து
"என்ன கிராணி, தொண்டையில நிக்குது,
எண்ணெய் ஊத்த மறந்துட்டானா?" என்றார்.
சிரித்துச் சிரித்து
சீட்டில் டன் கணக்கைத் தப்பாய் எழுதி
அடித்துத் திருத்தினேன்.
அதுவும் ஒரு சிவப்புக் கோடு.

செவ்வாய், கோலக் கெட்டில் பாசார் மாலாம்.
அப்பம் பாலிக் ஐந்து, கரும்புச் சாறு,
வீட்டுக்காரருக்கு ஒரு பனியன்.
கக் ரோஸ்னி ஊற்றின மாவு
தகரத்தில் விளிம்பு முறுகும்வரை
வேடிக்கை பார்த்தேன், அவசரமில்லாமல்.
எல்லாம் சேர்த்துப் பதினேழு வெள்ளி.
அரைப் பன்னுக்குக் கொஞ்சம் மேலே.

வீடு இரண்டு கிலோமீட்டர்.
இன்றைக்கு நடந்தே போவோம் என்று தோன்றியது.
பெட்ரோல் நிலையம் தாண்டுவதற்குள்
ஒரு மோட்டார் நின்றது:
"அக்கா, காடி கெட்டுப் போச்சா?"
கோயில் வளைவில் இன்னொன்று:
"வீட்ல சண்டையா?"
சும்மாதான் நடக்கிறேன் என்றேன்.
சும்மாவா?
இருட்டில் தலைக்கவசம் என்னை
மேலும் கீழும் பார்த்தது.

செம்பனை வரிசை தொடங்குகிற இடத்தில்
மூன்றாவதாய் செல்வகுணன் லோரி.
அவர் எதுவும் கேட்கவில்லை,
கதவைத் திறந்து வைத்தார்.
இல்லை, நடக்கிறேன் என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.

மழை கொட்டியது.
ஏறிக்கொண்டேன்,
அப்பம் நனையக்கூடாதே.